விளையாட்டுகளுக்கு ஒரு ஜாபிதா

என் அக்காள் வீடு மாற்றப் போகிறாள். மூன்று அறை வீட்டிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு. இந்த மாதிரிச் சமயங்களில் எந்தக் குடும்பத்திலும் ஒரு கோர்ட் கூடிவிடும். நீதிபதி வீட்டு எஜமானியம்மாள். தீர்ப்பை நிறைவேற்றுகிறவர், வாசலில் தராசுடன் நிற்கும் பழைய பேப்பர்காரர். கிழிந்த மெத்தை, ஒரு கால் ஆடுகிற நாற்காலி, துருப்பிடித்த ஸ்டவ் எல்லாம் விசாரணையே இல்லாமல் தண்டனை பெற்றன. கடைசியாக ஓர் இரும்பு அலமாரியின் முறை வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே தட்டுத் தட்டாக வீடியோ விளையாட்டுகள். அட்டைப் பெட்டியில் சில, பிளாஸ்டிக் உறையில் சில, உறையே இல்லாமல் சில.

"முந்நூறுக்குக் குறையாதுடா. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாளிலிருந்து சேர்க்கிறான். முப்பது வயசு ஆகிறது, இன்னும் விளையாட்டுச் சாமான்!" என்றாள் அக்காள்.

சமாசாரம் தெரிந்ததும் மருமான் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஓடி வந்தான். தாயாரிடம் வாதாடவில்லை, நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டான். "மாமா, இது ஒவ்வொன்றும் என்ன, யார் செய்தது, எப்போது செய்தது என்று நீங்கள் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதி வைத்த சாமானைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது" என்றான்.

காலேஜில் இரண்டே வருஷம் இருந்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் கற்றதில் மிச்சம் இருப்பது பேரேட்டில் கோடு போடுவது ஒன்றுதான். ஆகவே உற்சாகமாக ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், பெயர், செய்தவர், வருஷம், எந்தப் பெட்டிக்கு உரியது என்று ஐந்து கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிட எழுந்தபோது மூன்றாம் நம்பரில் இருந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு சரித்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துபோயிற்று. ஒரு கட்டத்துக்குப் பின்னால் பெரிய வியாஜ்யமே இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு மாதம் படித்ததில் சேர்ந்த சங்கதிகள்தான் இவை.

ஐந்தாவது கட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 'எந்தப் பெட்டிக்கு உரியது' என்று நான் எழுதியதை அந்த உலகத்தில் 'பிளாட்பாரம்' என்கிறார்கள். எழும்பூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தால் அதுவும் தவறில்லை. நான்காம் பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய ரயில் ஏழாம் பிளாட்பாரத்துக்கு வராது. நிண்டெண்டோ பெட்டிக்குச் செய்த விளையாட்டு சேகா பெட்டியில் ஓடாது. ரயிலையாவது தண்டவாளம் மாற்றி விடலாம். இதை மாற்ற வேண்டுமானால் விளையாட்டையே திரும்பச் செய்ய வேண்டும்.

ஆனால் ஆதியில் இந்தச் சிக்கல் இல்லை. ஏனென்றால் விளையாட்டு வேறு, பெட்டி வேறு என்று பிரியவே இல்லை. 1972ல் அமெரிக்காவில் மாக்னவாக்ஸ் கம்பெனி 'ஒடிஸி' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைக் கற்பனை செய்தவர் ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லருக்குத் தப்பி 1938ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பெட்டி டெலிவிஷனில் காட்டியது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். மற்றதெல்லாம் மனிதர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. வண்ணம் அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை டெலிவிஷன் கண்ணாடிமேல் ஒட்ட வைத்தால் அது டென்னிஸ் மைதானம். வேறு தாளை வைத்தால் பேய் வீடு. பெட்டியோடு பகடை உண்டு, சீட்டு உண்டு, காகிதப் பணம் உண்டு. யார் எத்தனை பாயிண்ட் என்பதைக்கூடப் பெட்டி கணக்கு வைக்காது. ஆடுகிறவர்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மிஷினில் செருகும் அட்டை ஒன்று உண்டு. அதற்குள் விளையாட்டு இல்லை, உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றுவதுதான் அதன் வேலை. இதை ஜாபிதாவில் எழுதப் புகுந்தால் என்ன எழுதுவது? பிளாஸ்டிக் தாள் தொலைந்துவிட்டால் பேய் வீடு போயிற்று, புள்ளி மட்டும் மிச்சம்.

அதே 1972ல் அடாரி கம்பெனி வெளியிட்ட 'பாங்' இன்னும் வேடிக்கை. அதற்குள் புரோகிராம் என்று எழுதப்பட்டது ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் கம்பி, சில்லு, சாலிடரிங். பிரதி எடுக்க அதில் ஒன்றுமில்லை. விளையாட்டைப் பாதுகாக்க வேண்டுமென்றால் மிஷினையே பாதுகாக்க வேண்டும்.

1976ல் ஃபேர்சைல்ட் கம்பெனியார் 'சானல் எஃப்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஜெரி லாசன் என்ற கறுப்பின எஞ்சினியர் அந்தக் கோஷ்டிக்குத் தலைவர். விளையாட்டை ஒரு சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, வேண்டும்போது செருகி, வேண்டாதபோது பிடுங்கி வைக்கும்படி செய்துவிட்டார்கள். அதுதான் கார்ட்ரிட்ஜ். கல்வெட்டாக இருந்தது புத்தகமானது போல என்று சொல்லலாம். அன்றைக்குத்தான் விளையாட்டைச் சேர்ப்பது என்ற காரியம் உலகத்தில் சாத்தியமாயிற்று. என் மருமானின் அலமாரிக்கு அஸ்திவாரம் விழுந்ததும் அன்றைக்குத்தான். மறு வருஷமே அடாரி வந்தது. பிறகு ஆளுக்கொரு பெட்டி. இங்கிலாந்தில் பாட்டுக் கேட்கிற கேசட்டிலேயே விளையாட்டை விற்றார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் பிளாப்பி டிஸ்க்கில் விற்றார்கள். பின்னால் ஸோனி கம்பெனி ஸி.டி.யில் விற்றது. பிளாட்பாரங்கள் பெருகின.

'செய்தவர்' என்ற கட்டம் என் சொந்த மனத்தைத் தொட்டது. எழுதுகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் கண் போவது தன் பெயர் அச்சாகியிருக்கிறதா என்பதில்தானே? அடாரி கம்பெனி ஆரம்ப காலத்தில் விளையாட்டைச் செய்தவர் பெயரைப் பெட்டியில் போடுவதில்லை. ஒருவரே யோசித்து, ஒருவரே படம் வரைந்து, ஒருவரே சத்தம் அமைத்து முடித்தாலும் பெட்டிமேல் கம்பெனியின் பெயர் மட்டும்தான். வாரன் ராபினெட் என்ற இளைஞர் 'அட்வென்சர்' என்ற விளையாட்டைச் செய்தார். செய்தவர், அதற்குள்ளே யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறையும் கட்டி வைத்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழையலாம். உள்ளே என்ன புதையல்? இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்ற எழுத்துக்கள் வர்ண வர்ணமாக மின்னிக்கொண்டிருக்கும். யாரிடமும் சொல்லாமல் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு பையன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது. கோபுரத்தின் கண்ணுக்கெட்டாத மூலையில் தன் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போன சிற்பியின் மனசுதான் அது. இதற்கிடையில் 1979லேயே அடாரியின் நான்கு புரோகிராமர்கள் விலகிப் போய் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்க உதவினார்கள். அவர்கள் செய்த முதல் புரட்சிகளில் ஒன்று, செய்தவர் பெயரைப் போட்டது. இன்றைக்கு ஜாபிதா எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போக வேண்டியிருந்தது.

'பெயர்' என்ற கட்டத்தில் தகராறே வராது என்று எண்ணியிருந்தேன். அலமாரியில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்று இரண்டு இருந்தன. இரட்டைப் பிரதி, ஒன்றைப் பேப்பர்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று சமாதானமாகச் சொன்னேன். மருமான் பதறிப்போனான். விஷயம் இது: 1986ல் ஜப்பானில் அந்தப் பெயரில் ஒரு விளையாட்டு வந்தது. ரொம்பக் கடினம், அமெரிக்கர்களுக்குச் சரிப்படாது என்று நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை தள்ளிவிட்டது. ஆனால் அவர்களுக்கும் ஓர் இரண்டாம் பாகம் வேண்டுமே! 1987ல் ஜப்பானில் வந்திருந்த 'டோக்கி டோக்கி பானிக்' என்ற வேறு ஒரு விளையாட்டை எடுத்து, அதிலிருந்த ஆட்களை நீக்கி மாரியோவையும் அவன் கோஷ்டியையும் நுழைத்து, 1988ல் அதே பெயரில் விற்றுவிட்டார்கள். நாடகக் கம்பெனியில் ராமர் வேஷத்தை ஆள் மாற்றிப் போட்ட கதைதான். இதோடு விடவில்லை. 1992ல் அமெரிக்க விளையாட்டு ஜப்பானுக்கே திரும்பிப் போயிற்று, 'சூப்பர் மாரியோ யூ.எஸ்.ஏ.' என்ற பெயரில். 1993ல் ஜப்பானிய விளையாட்டு அமெரிக்கா வந்தது, 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில். ஒரே பெயரில் இரண்டு விளையாட்டு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இரண்டு பெயர். 'ஃபைனல் ஃபேண்டஸி' என்பது மற்றொன்று. ஜப்பானியரின் நான்காம் பாகம் அமெரிக்காவில் இரண்டாம் பாகமாக வந்தது. ஆறாம் பாகம் மூன்றாம் பாகமாக வந்தது. 1997ல் ஏழாம் பாகம் ஏழு என்ற சொந்த நம்பரோடேயே வந்து இறங்கியபோது அமெரிக்கப் பிள்ளைகள் நடுவில் மூன்று பாகத்தைத் தூங்கித் தவறவிட்டோமோ என்று முழித்திருப்பார்கள்.

வருஷம்? 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முதல் பாகம் ஜப்பானில் 1985 செப்டம்பர் 13ந் தேதி வந்தது. சந்தேகமில்லை. உலகத்தில் ஏறக்குறைய 4 கோடிப் பிரதி விற்ற அந்த விளையாட்டு அமெரிக்கக் கடைக்கு எந்தத் தேதியில் வந்தது? அக்டோபர் 18 என்பார்கள், நவம்பர் என்பார்கள், அடுத்த வருஷம் என்பாரும் உண்டு. 2012ல் ஃபிராங்க் சிஃபால்டி என்ற சரித்திரக்காரர் இதற்காகவே உட்கார்ந்து பழைய பத்திரிகைகளையும் விளம்பரங்களையும் துருவிவிட்டு, எந்தத் தேதியையும் நிரூபிக்க முடியவில்லை என்று எழுதினார். சோழர் காலத்துச் சங்கதி அல்ல. வாங்கினவர்களும் விற்றவர்களும் உயிரோடு இருக்கும்போதே இந்த நிலை. சரக்கு வந்த அன்று கடைக்காரன் பெட்டியைப் பிரித்து அலமாரியில் வைத்தான். பொம்மை வந்த தேதியை யார் குறித்து வைக்கிறார்கள்?

இனி அந்த வியாஜ்யத்துக்கு வருகிறேன். 'எந்தப் பெட்டிக்கு உரியது' என்ற கட்டத்தை நான் பென்சிலால் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இதே கட்டத்தை நிரப்புவதற்காக மாஸ்கோவிலும் ஸான்பிரான்ஸிஸ்கோவிலும் வக்கீல்கள் அலைந்தார்கள். 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டு வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மேலேயிருந்து கட்டைகள் விழும். இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். (வீடு மாற்றுகிறவர்கள் லாரியில் சாமான் ஏற்றும் வித்தையும் அதுதான்.) 1984ல் மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞான அகாடமியின் கணக்கிடும் நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் அதைச் செய்தார். அவர் மிஷினான எலெக்ட்ரோனிகா 60ல் படம் போட வசதி கிடையாது. எழுத்துக்களும் குறிகளும்தான் வரும். அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டை என்று பெயர் சொல்லிக்கொண்டார். வாடிம் கெராசிமோவ் என்ற பள்ளிப் பையன் அதை ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தான். அங்கிருந்து கைக்குக் கை மாறிப் புடாபெஸ்ட் போயிற்று. அங்கே 1986ல் ராபர்ட் ஸ்டெயின் என்ற லண்டன் வியாபாரியின் கண்ணில் பட்டது. ரஷ்யர்களோடு ஒப்பந்தம் சரிவரக் கையெழுத்தாகும் முன்பே அவர் அதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு கம்பெனிகளுக்கு விற்றார். அவர்கள் மற்றவர்களுக்கு விற்றார்கள். அவர்கள் இன்னும் சிலருக்கு. இல்லாத நிலத்துக்குப் பத்திரத்துக்கு மேல் பத்திரம் எழுதிய கதை.

1989 பிப்ரவரியில் ஹெங்க் ரோஜர்ஸ் என்பவர் நிண்டெண்டோவின் கைப்பெட்டிக்கு அனுமதி கேட்க மாஸ்கோ போனார். சோவியத் சர்க்காரின் எலோர்க் நிறுவனத்துக்குள் நுழைந்து, தாம் ஜப்பானில் விற்றுக்கொண்டிருந்த டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். அங்கே அதிகாரியாக இருந்த நிக்கொலாய் பெலிகோவ், இது என்ன சாமான், இதற்கு நாங்கள் அனுமதியே கொடுக்கவில்லையே என்றார். கம்ப்யூட்டருக்குத்தான் கொடுத்திருந்தார்கள், டெலிவிஷனில் செருகி ஆடும் பெட்டிக்கு அல்ல. அப்போது ஸ்டெயினும் அதே ஊரில்தான் இருந்தார். பெலிகோவ் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். அதில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் இருந்தது. பிராஸஸர், மானிட்டர், டிஸ்க் டிரைவ், கீபோர்டு, ஆபரேட்டிங் ஸிஸ்டம் இவை உள்ளதுதான் கம்ப்யூட்டர். ஒரு வரி. அந்த வரியில் கீபோர்டு இல்லாத பெட்டிகளெல்லாம் கழன்று கீழே விழுந்தன. விழுந்ததை மார்ச் மாதத்தில் நிண்டெண்டோ வாங்கிக்கொண்டது.

அடாரி கேம்ஸின் கிளையான டெஞ்சன் கம்பெனியோ தன்னிடமும் அனுமதி இருக்கிறது என்ற நினைப்பில் டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜைக் கடையில் வைத்துவிட்டது. வழக்கு ஸான்பிரான்ஸிஸ்கோ கோர்ட்டுக்குப் போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை நினைத்தால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியமே உண்டாகிறது. நிண்டெண்டோ பெட்டியும் கம்ப்யூட்டர்தான் என்றார்கள். ஜப்பானில் அதன் பெயரே 'ஃபாமிலி கம்ப்யூட்டர்' அல்லவா? பெயரை வைத்தவர்களே இல்லையென்று சொல்லலாமா? ஆனாலும் 1989 ஜூனில் நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் நிண்டெண்டோ பக்கம் தடையுத்தரவு கொடுத்துவிட்டார். டெஞ்சனின் கார்ட்ரிட்ஜ்கள் கடைகளிலிருந்து வாபஸாயின. அதற்குள் விற்றுப்போனவை மட்டும் சேகரிப்பவர்கள் கையில் தங்கின. அதே கோடையில் நிண்டெண்டோவின் 'கேம் பாய்' டெட்ரிஸைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அமெரிக்காவில் இறங்கி ஊரையே வளைத்தது. கட்டைகளைக் கற்பனை செய்த பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996ல்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு 'டெட்ரிஸ்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு எப்படிப் போவது? நூலகர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1998ல் சர்வதேச நூலகக் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையில் நான்கு படி சொன்னார்கள். படைப்பு என்பது ஒன்று. அது எடுத்த வடிவம் ஒன்று. வெளியான பதிப்பு ஒன்று. நம் கையிலிருக்கும் பிரதி ஒன்று. கதை எழுதுகிறவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது. என் நாவல் ஒன்று முதலில் பத்திரிகையில் தொடராக வந்தது. பிறகு நாலு அத்தியாயம் வெட்டிப் புத்தகமாயிற்று. பிறகு மலிவுப் பதிப்பு. அதில் ஒரு பிரதி, அட்டை கிழிந்து, மூர்மார்க்கெட் பக்கம் நடைபாதையில் எனக்கே பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. நான்கும் ஒன்றா, வேறா? 1999ல் பள்ளித் தோழர்கள் இருவர் தொடங்கிய 'மோபிகேம்ஸ்' என்ற அட்டவணையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. விளையாட்டுக்கு ஒரு தலைப்பு. அதன் கீழே எந்தெந்தப் பெட்டியில், எந்தெந்த நாட்டில், எந்தெந்த வருஷத்தில் வந்தது என்று கிளை கிளையாக. நானும் நோட்டை மாற்றி, பக்கத்துக்கு ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொண்டேன். கோடு போட்ட முதல் நோட்டு பால் கணக்குக்குப் போயிற்று.

இதுவரை சொன்னது சேர்த்தவன் பக்கத்தில் இருக்கும்போது. அவன் இல்லாமல் போய்விட்டால்?

ஸ்டீபன் கப்ரினெட்டி என்று ஓர் அமெரிக்க இளைஞர். சிறு வயதிலேயே விளையாட்டுகளையும் கம்ப்யூட்டர் சாமான்களையும் சேர்க்க ஆரம்பித்தார். சாதாரணமாகப் பிள்ளைகள் வாங்கிய நிமிஷத்தில் உறையைக் கிழிப்பார்கள். இவர் கிழிக்காமல் வைத்தார். கடையில் எப்படி இருந்ததோ அப்படியே, கண்ணாடிக் காகிதம் சுற்றியபடி, பெரும்பாலானவை. அடாரி, கமடோர், ஆப்பிள், நிண்டெண்டோ, சேகா என்று எந்தப் பிளாட்பாரத்தையும் விடவில்லை. இவை நாளைக்கு வேண்டியிருக்கும் என்ற எண்ணம் அந்த வயதில் அவருக்கு எப்படித் தோன்றிற்றோ! பெரியவர்கள் எல்லாருக்கும் அது வெறும் பொம்மையாக இருந்த காலம். மென்பொருளைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு நிறுவனமும் ஏற்படுத்தினார். 1995ல், 29 வயதில், அவர் இறந்துபோனார். மிஞ்சியது ஏறக்குறைய 15,000 தலைப்புகள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 29 வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் 15,000 பெட்டிகள். எத்தனை வீடுகளில் அது லாரியேறிப் போயிருக்கும்! அந்தக் குடும்பத்தார் அப்படிச் செய்யவில்லை. 1998ல் சேகரிப்பு ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹென்றி லோவுட் என்ற காப்பாளர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அதற்கு அந்த இளைஞரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நூலகத்துக்கு வந்துவிட்டால் பயம் தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை. பிளாப்பி டிஸ்க் என்பது காந்தப் பூச்சுப் பூசிய மெல்லிய தகடு. காலம் போகப் போக அதில் எழுதியது மங்கும். ஓலைச்சுவடியைச் செல்லரிப்பது வெளியே தெரியும். எடுத்தால் உதிரும், எடுத்தவன் பதறுவான். இது மேலே புதுக் கருக்கு அழியாமல் கண்ணாடிக் காகிதத்துக்குள் ஜம்மென்று உட்கார்ந்தபடியே உள்ளே வெறுமையாகிக்கொண்டிருக்கும். கார்ட்ரிட்ஜ்களிலும் ஆபத்து உண்டு. 'லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' அமெரிக்காவில் 1987ல் வந்தபோது, ஆடியவன் எதுவரை வந்தான் என்பதை நினைவு வைக்கக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு பாட்டரியை வைத்தார்கள். பாட்டரி தீர்ந்தால், ஒரு பையன் கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஜெயித்த ராஜ்யம் ஒரு நொடியில் போய்விடும்.

ஆகவே உள்ளே இருப்பதைப் படித்துப் பிரதி எடுத்தாக வேண்டும். இதற்கு உதவியவர்கள் யார் என்பது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய நிலையம் ஒன்று மேரிலாண்டில் இருக்கிறது. அதில் துப்பறிகிறவர்களுக்காக ஒரு மென்பொருள் நூலகம் நடத்துகிறார்கள். போலீஸார் ஒரு கம்ப்யூட்டரைக் கைப்பற்றினால் அதில் லட்சக்கணக்கான பைல்கள் இருக்கும். எது கடையில் வாங்கிய சாதாரணச் சரக்கு, எது குற்றவாளி தானே எழுதியது என்று பிரிக்க வேண்டும். அதற்காகத் தெரிந்த மென்பொருள்களுக்கெல்லாம் கைரேகை எடுத்து வைத்திருக்கிறார்கள். கைரேகை என்றால், பைலில் உள்ளதையெல்லாம் ஒரு கணக்கில் போட்டு 40 எழுத்துக்களாகச் சுருக்குவது. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். பழைய மென்பொருள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. படித்துப் பிரதி எடுக்கும் ஆளும் கருவியும் ஸ்டான்ஃபோர்டுக்கு வேண்டியிருந்தது. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் காலிபோர்னியாவிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்ரினெட்டியின் சேகரிப்பு தேசத்தின் மறு கோடிக்குப் போயிற்று. ஒவ்வொரு பெட்டியையும் படம் பிடித்தார்கள். டிஸ்க்குகளைப் படித்துப் பிரதி எடுத்தார்கள், கைரேகை குறித்தார்கள். படிக்க முடியாமல் போனவையும் உண்டு. கள்ளனைப் பிடிக்க வைத்த வலையில் ஒரு பையனின் பொம்மைகள் பத்திரமாயின.

நூலகத்தில் பத்திரமாக இருப்பதை ஆடிப் பார்க்க முடியுமா என்றால், அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற சங்கத்தார் 2023ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 2010க்கு முன்பு அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய விளையாட்டை ஆராய்ச்சியாளருக்கு அவர் வீட்டிலிருந்தே பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கூடாது என்று சொல்லிவிட்டது. காரணங்களில் ஒன்று, ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஜனங்கள் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்களோ என்பது. விளையாட்டை விளையாடிவிடப் போகிறார்களே என்று கவலைப்படும் ஓர் இலாகா!

குப்பைக்குப் போனதும் திரும்பி வந்ததுண்டு. 1983ல் அடாரி கம்பெனி நொடித்தபோது விற்காத சரக்கை நியூமெக்ஸிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்துவிட்டார்கள். ஏழு லட்சத்துக்கு மேல் கார்ட்ரிட்ஜ்கள் என்று கணக்கு. 2014 ஏப்ரல் 26ந் தேதி தோண்டி ஏறக்குறைய 1,300 எடுத்தார்கள். நசுங்கியும் நாற்றமடித்தும் வந்த அவற்றுக்கு நம்பர் போட்டார்கள். ஒன்று ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் இருக்கிறது. மியூசியக்காரர்களின் ஜாபிதாவில் எனக்குத் தோன்றாத ஒரு கட்டம் உண்டு: 'எப்படி வந்தது'. யாரிடமிருந்து, எங்கே, எந்தச் சந்தர்ப்பத்தில். அதையும் என் நோட்டில் சேர்த்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை 142ஆம் நம்பருக்கு வந்தேன். மஞ்சள் நிறக் கார்ட்ரிட்ஜ். ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துக் காப்பியடித்த மலிவுப் பெட்டிக்கு உரியது. மேலே ஒட்டிய காகிதத்தில், இதனுள் 99,99,999 விளையாட்டுகள் இருப்பதாக அச்சடித்திருந்தது. மருமானும் நானும் ஆடி எண்ணிப் பார்த்தோம். ஏழு. மற்றதெல்லாம் அந்த ஏழையே வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கிவிட்டுப் புதுப் பெயர் வைத்தது. செய்தவர் பெயர் இல்லை. கம்பெனி இல்லை. வருஷம் இல்லை. நான் வருஷத்தைக் காலியாக விட்டேன்.

அக்காள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினாள்.

"இது ஏன் காலியாயிருக்கு?"

"தெரியவில்லை, அக்கா. அதிலே போடவில்லை."

அவள் அந்த மஞ்சள் சாமானைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "2003, தீபாவளிக்கு முதல் வாரம். போனஸ் வந்த மறுநாள். உன் அத்தான் பர்மா பஜாரிலே வாங்கி, சட்டைப் பையிலே ஒளித்துக்கொண்டு வந்தார். 120 ரூபாய். புடவை வாங்குகிற காசிலே இதை வாங்கினீர்களா என்று நான் இரண்டு நாள் பேசவில்லை."

அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. மருமான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எழுதினேன்: வருஷம், தெரியாது, எப்படி வந்தது, பர்மா பஜார், 2003 தீபாவளி, 120 ரூபாய்.

அக்காள் கண்ணாடியைக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்து அடுத்த பெட்டியை அவளே எடுத்தாள். "இது இவன் ஒன்பதாவது படிக்கும்போது..." என்று ஆரம்பித்தாள். நான் 143 என்று நம்பர் போட்டேன்.